வீடியோ விளையாட்டுகளில் பெண்பாத்திரம்: ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கன்று. அதை ஆக்கிய சமுதாயத்தின் மனப்போக்கைக் காட்டும் கண்ணாடியும் அதுவே. நம் நாட்டில் தோன்றிய சதுரங்கத்தில் மன்னனுக்கு அருகே நின்றவர் மந்திரி. அவ்வாட்டம் பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பாவை அடைந்தபின் மந்திரி அரசியாக மாறினார். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த அரசிக்கே பலகையில் மிகுந்த வலிமை அளிக்கப்பட்டது. ஒரு மரக்காயின் பெயரும் நடையும் மாறியதற்கே இத்துணை வரலாறு உண்டெனில், நம் குழந்தைகள் நாள்தோறும் கையிலேந்தி ஆடும் வீடியோ விளையாட்டுகளுக்கும் வரலாறு இருக்குமன்றோ? அவற்றில் பெண் எவ்வாறு காட்டப்பட்டு வந்தாள் என்பதை மட்டும் ஈண்டுச் சுருங்கக் கூற விழைகிறோம்.

1981-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் ‘டாங்கி காங்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. ஆக்கியவர் ஷிகெரு மியாமோட்டோ. பெருங்குரங்கு ஒன்று ஒரு பெண்ணைக் கவர்ந்து சென்று இரும்புச் சாரத்தின் உச்சியில் நிறுத்திக்கொள்கிறது. உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டி ஏறித் தச்சன் ஒருவன் அவளை மீட்க வேண்டும். உதவி கேட்டுக் கூவுவது தவிர அவளுக்கு அங்கே வேறு தொழில் இல்லை. தொடக்கத்தில் பெயரும் இல்லை. ‘சீமாட்டி’ என்ற பொதுச்சொல்லே போதுமென்று விட்டனர். பாலின் என்ற பெயர் பின்னரே வந்தது. தச்சனோ மேரியோ என்ற பெயருடன் உலகப் புகழ் பெற்றான். 1985-இல் வந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் அவன் மீட்க வேண்டியவள் ஓர் இளவரசி. ஏழு கோட்டைகளை வென்றாலும் அவள் அங்கில்லை. எட்டாம் உலகின் கடைசிக் கோட்டையில்தான் இருக்கிறாள். ஓட்டப்பந்தய முடிவில் காத்திருக்கும் வெற்றிக்கோப்பைக்கும் அவளுக்கும் வேறுபாடு குறைவு.

சிறை மீட்கும் கதை நமக்குப் புதிதன்று. இராமகாதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அசோகவனத்துச் சீதைக்குச் சொல் உண்டு, சினம் உண்டு, உறுதி உண்டு. காவலனையே துரும்பாக மதிக்கும் நெஞ்சம் உண்டு. திரையில் கைகால் அசைத்து நின்ற அப்பொம்மைப் பெண்ணுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. குறை சிறை மீட்கும் கதையில் இல்லை. மீட்கப்படுபவளுக்கு உள்ளமே தராத வறுமையில் இருக்கிறது.

இதற்கு முன்னரே, 1980-இல், நாம்கோ நிறுவனத்தின் டோரு இவாட்டானி ‘பேக்மேன்’ ஆட்டத்தைப் படைத்தார். சுட்டு வீழ்த்தும் ஆட்டங்களே நிறைந்த கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்பது அவர் நோக்கம். மஞ்சள் வட்டமொன்று வாய் திறந்து புள்ளிகளை விழுங்கும், அவ்வளவே. 1982-இல் அமெரிக்காவில் அதன் பெண்வடிவம் வெளிவந்தது. அதே மஞ்சள் வட்டத்தின்மேல் நாடா முடிச்சும், உதட்டுச் சாயமும், கன்னத்தில் ஒரு மச்சமும் சேர்த்தனர். வெறும் வட்டம் என்றால் ஆண். அதன்மேல் அலங்காரம் ஒட்டினால் பெண் என்ற எண்ணம் இங்கே தெளிவாகப் பதிந்துவிட்டது.

1986-இல் வந்த ‘மெட்ராய்டு’ இன்னும் வியப்பானது. கவசமணிந்து விண்வெளியில் போரிடும் வீரரைப் பற்றிய ஆட்டம் அது. உடன் வந்த ஆங்கிலக் கையேடு அவ்வீரரை ஆண்பாலிலேயே குறித்தது. ஆட்டத்தை விரைந்து முடித்தவர்க்குத் தலைக்கவசம் கழன்றது. சாமுஸ் என்னும் அவ்வீரர் ஒரு பெண்! வீரத்திற்குப் பால் வேற்றுமை இல்லை என்று மகிழலாம். ஆனால் எவ்வளவு விரைவாக முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த ஆடையில் அவள் காட்டப்பட்டாள். வீராங்கனையும் கடைசியில் பரிசுப்பொருளே ஆனாள்.

பெண்கள் இத்துறையில் இல்லாததால் இப்படி நேர்ந்தது என்று கூறுவார் உளர். அது முழு உண்மையன்று. கேரல் ஷா என்னும் அம்மையார் 1978-இலேயே அட்டாரி நிறுவனத்தில் ஆட்டங்களை நிரலாக்கம் செய்தார். 1982-இல் அவர் ஆக்கிய ‘ரிவர் ரெய்டு’ பெரும் புகழ் பெற்றது. 1981-இல் வந்த ‘சென்டிபீட்’ ஆட்டத்தை ஆக்கிய இருவருள் ஒருவர் டோனா பெய்லி. ராபர்ட்டா வில்லியம்ஸ் 1980-இல் ‘மிஸ்டரி ஹவுஸ்’ என்ற ஆட்டத்தையும், 1988-இல் ரோசெல்லா என்னும் இளவரசியே தன் தந்தையைக் காக்கப் புறப்படும் ஆட்டத்தையும் தந்தார். ஆற்றல் இருந்தது, அதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

இந்நிலை இறுகியதற்கு வணிகமும் ஒரு காரணம். 1983-இல் அமெரிக்க வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்து வீழ்ந்தது. பின்னர் மீண்டும் வந்த இயந்திரங்கள் விளையாட்டுப் பொருளாகவே கடையேறின. பொம்மைக் கடைகளிலோ ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வரிசை, பெண்பிள்ளைகளுக்கு ஒரு வரிசை. வீடியோ விளையாட்டு ஆண்பிள்ளை வரிசையில் சேர்ந்தது. விளம்பரங்களும் அவர்களையே நோக்கின. 1989-இல் வந்த கையடக்க இயந்திரத்தின் பெயரே ‘கேம் பாய்’. வாங்குவோர் சிறுவர், ஆகவே சிறுவர்க்கே ஆக்குகிறோம் என்றனர். சிறுவர்க்கே ஆக்கியதால் சிறுவரே வாங்கினர். இச்சுழலிலிருந்து மீள நெடுங்காலம் ஆயிற்று.

1996-ஆம் ஆண்டு இரு வேறு பெண்களைத் திரைக்குக் கொண்டு வந்தது. ஒருத்தி, மாட்டெல் நிறுவனத்தின் பார்பி. சிறுமியர் கணினியில் உடை வடிவமைத்து அச்சிட்டுப் பொம்மைக்கு அணிவிக்கலாம். அது பெருவாரியாக விற்றது. மற்றொருத்தி, இங்கிலாந்தில் பிறந்த ‘டூம் ரெய்டர்’ ஆட்டத்தின் லாரா கிராஃப்ட். அறிவும் துணிவும் உடைய அவள் எவர் உதவியும் வேண்டாமல் பாழ்குகைகளில் புகுந்து வருவாள். ஆயின் விளம்பரங்கள் அவள் அறிவைவிட உடலையே விற்றன. அவளை வரைந்த டோபி கார்ட் 1997-இல் அந்நிறுவனத்தை விட்டு விலகினார்.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இங்கே மகளிர் பெட்டி நினைவுக்கு வருகிறது. மகளிர் பெட்டி இன்றியமையாதது. அதில் அமர்ந்து அச்சமின்றிப் பயணம் செய்யலாம். ஆனால் அப்பெட்டியோடு நின்றுவிட்டால் எஞ்சின் யார் கையில் என்ற கேள்வி எழாமலே போகும். நம் ரயில்வேயில் 1980-களின் பிற்பகுதியில் சுரேகா யாதவ் அம்மையார் எஞ்சினில் ஏறியபோதுதான் அக்கேள்விக்கு விடை கிடைத்தது. சிறுமியர்க்கெனத் தனியே ஆக்கிய ஆட்டங்களும் மகளிர் பெட்டி போன்றவையே; நல்லவை, ஆனால் போதா.

குறைகளை வெளிப்படையாக எடுத்துரைத்தவர்க்கு எளிதில் மதிப்புக் கிடைக்கவில்லை. அனிதா சர்க்கீசியன் என்ற எழுத்தாளர் 2013 முதல் இப்பொருள் பற்றிப் படத்தொடர் ஒன்றை வெளியிட்டார். வசைகளும் மிரட்டல்களும் குவிந்தன. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றவிருந்த உரை, துப்பாக்கிச் சூடு பற்றிய மிரட்டலால் நின்றுபோயிற்று. ஒரு பொம்மையைப் பற்றிப் பேசியதற்கு உயிர் மிரட்டல் எனின், அப்பொம்மை வெறும் பொம்மையன்று என்பது தெளிவு.

எனினும் காற்று திசை மாறிற்று. 1993-இல் தொடங்கிய ‘ஃபிஃபா’ கால்பந்து ஆட்டத்தொடரில் 2015-இல் முதன்முறையாகப் பன்னிரண்டு நாடுகளின் மகளிர் அணிகள் இடம்பெற்றன. நம் நாட்டில் புனே நகரத்து இளைஞர் சிலர் 2020-இல் ‘ராஜி’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் அசுரர் கவர்ந்து செல்வது தம்பியை. சூலமேந்தி மீட்கப் புறப்படுபவள் அக்காள். நாற்பதாண்டுக் கதை இங்கே தலைகீழாயிற்று.

நம்மனோர்க்கு மேலும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. 2023-இல் கனடாவிலிருந்து ‘வெண்பா’ என்னும் ஆட்டம் வெளிவந்தது. 1980-களில் அங்கே குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தியின் கதை. தன் தாய் கொடுத்த, எழுத்தழிந்த சமையற்குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்டலி முதலியவற்றைச் சமைக்க வேண்டும். அழிந்த பகுதியை ஆடுபவரே ஆய்ந்து கண்டறிய வேண்டும். இதற்கு 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. பெண்ணை மீண்டும் அடுக்களையில் நிறுத்திவிட்டனரே என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிக் கருதவில்லை. இவளுக்குப் பெயர் உண்டு, கவலை உண்டு, மொழி உண்டு. மகன் தமிழை விட்டு விலகும்போது நெஞ்சு நோகும் தாய் இவள். அடுக்களையில் நிற்பது இழிவன்று. அங்கே நிற்பவளுக்கு உள்ளம் இல்லை என்று எண்ணுவதே இழிவு. மொழி வேறான ஊரில் பிள்ளைகளை வளர்க்கும் நம் காலனித் தாய்மார்க்கு இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வரலாற்றால் நாம் கொள்ள வேண்டுவது யாது? பிள்ளைகளின் கையிலிருந்து ஆட்டங்களைப் பிடுங்குவதன்று. அருகமர்ந்து, இதில் பெண் என்ன செய்கிறாள் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்; எஞ்சியதைப் பிள்ளைகளே கண்டுகொள்வர். அக்கேள்வியை நம்மை நோக்கியும் கேட்கலாம். சங்க விழாக்கள் பலவற்றில் சிறுமியர்க்குக் கோலமும் பூத்தொடுத்தலும், சிறுவர்க்குச் சதுரங்கமும் ஓட்டமும் எனப் பிரித்து வைக்கும் வழக்கம் உண்டு. அடுத்த ஆண்டு விழாவிலேனும் எல்லாப் போட்டிகளுக்கும் ஒரே பெயர்ப்பட்டியல் வைப்போமாக. கோலமிட விரும்பும் சிறுவனும், காய் நகர்த்த விரும்பும் சிறுமியும் நம் குடியிருப்புகளில் இருக்கத்தான் செய்கின்றனர்.