சென்னை டென்னிஸும் அமிர்தராஜ் சகோதரர்களும்

ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் கிளப்புகளில் மாலைப் பொழுதைப் போக்குவதற்காக ஆடிவந்த டென்னிஸ், சென்னையில் தந்தையிடமிருந்து மகனும் அண்ணனைப் பார்த்துத் தம்பியும் பயிலும் குடும்ப வித்தையாக வேரூன்றிய சரித்திரம், பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புடையோர் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. தந்தை டி. கே. ராமநாதனிடம் பயின்ற ராமநாதன் கிருஷ்ணன், 1954-ல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்று, 1960-லும் 1961-லும் பெரியவர்களுக்கான போட்டியில் அரையிறுதி வரை முன்னேறினார். அங்கே அவரை வென்ற நீல் ஃப்ரேசரும் ராட் லேவருமே அவ்வவ்வாண்டின் சாம்பியன்களாயினர். தந்தை பெற்ற இளையோர் பட்டத்தை அவருடைய குமாரர் ரமேஷும் 1979-ல் அடைந்தார்.

கிருஷ்ணன் குடும்பத்தில் வித்தை நேர்வழியில் இறங்கியதென்றால், அமிர்தராஜ் குடும்பத்தில் அது மூன்று கிளைகளாகப் பிரிந்தது. ராபர்ட், மாகி தம்பதியருக்கு 1952-ல் ஆனந்தும், 1953-ல் விஜயும், 1956-ல் அசோக்கும் பிறந்தனர். நடுப்பிள்ளையாகிய விஜய் சுவாசகோச வியாதியால் வருந்தி, மருத்துவமனையில் நெடுநாட்களைக் கழித்த குழந்தை. திறந்தவெளியில் ஓடியாடினால் தேகம் தேறும் என்ற நம்பிக்கையினால்தான் அவர் கையில் டென்னிஸ் மட்டை கொடுக்கப்பட்டதேயன்றி, உலகக் கீர்த்தியை உத்தேசித்து அன்று. ஆயினும், ஆரோக்கியத்துக்காகத் தொடங்கிய அந்தப் பொழுதுபோக்கு, அவரை 1973-ல் விம்பிள்டன் காலிறுதிக்குக் கொண்டு சென்றது.

அங்கே அவருக்குக் கிடைத்தது அபஜயமே. யான் கோடெஷுக்கு எதிரான ஐந்தாவது செட்டை 5-7 என்ற கணக்கில் இழந்தார். கோடெஷ் அவ்வாண்டின் சாம்பியனானார். அதே ஆண்டில் அமெரிக்கப் போட்டியில் மகாவீரரான லேவரை வென்றபோதிலும், இத்தகைய ஏமாற்றங்கள் அவரைத் தொடர்ந்தன: 1979-ல் பியோர்ன் போர்கைவிட ஒரு செட் முன்னணியில் இருந்தும், 1981-ல் ஜிம்மி கானர்ஸிடமிருந்து முதலிரு செட்டுகளைக் கைப்பற்றியிருந்தும், விம்பிள்டனில் வெற்றியை நழுவவிட்டார். ஒவ்வொரு முறையும் அவர் மனந்தளராது களத்துக்குத் திரும்பினார்.

கடைசித் தம்பி அசோக், 1974-ல் விம்பிள்டன் இளையோர் இறுதியாட்டத்தில் பில்லி மார்ட்டினிடம் தோற்றார். சில காலம் தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கியபின் ஹாலிவுட் சென்று, திரைப்படத் தயாரிப்பாளராகப் புகழ்பெற்றார். மூத்தவரான ஆனந்துக்கு இரட்டையர் ஆட்டம் மிகவும் இசைந்தது. 1976-ல் விஜயுடன் இணைந்து விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதியை எட்டிய அவர், பின்னாளில் டேவிஸ் கோப்பை அணிக்குத் தலைமையேற்று இளைஞர்களுக்கு வழிகாட்டினார். ஒரு வயிற்றில் பிறந்து, ஒரே விளையாட்டைப் பயின்ற மூவரும் தத்தம் சுபாவத்துக்கேற்ப மூன்று மார்க்கங்களில் சென்றனர் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

மூத்த சகோதரர் இருவரும் இந்திய அணியில் ஆடிய 1974-ம் ஆண்டில், இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிச்சுற்றை எட்டியது. எதிரணியோ நிறவெறிக் கொள்கையைக் கடைப்பிடித்த தென்னாப்பிரிக்கா. அத்தேசத்துடன் ஆடுவதில்லை என்று நமது அரசாங்கம் மேற்கொண்ட தீர்மானத்தால், ஒரு பந்தும் அடிக்கப்படாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. ஆட்டக்காரனுக்கு இதனினும் பெரிய இழப்பு அரிது. எனினும், கோப்பையைக் காட்டிலும் மனித கௌரவம் பெரிதென்பதை அது நிலைநாட்டியது.

தாம் களத்தில் கற்றதைப் பிறருக்கு அளிக்க விரும்பிய விஜய், 1985-ல் சென்னையில் பிரிட்டானியா-அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். அதில் சிறுவனாகச் சேர்ந்த லியாண்டர் பயஸ் 1990-ல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தையும், 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் வெண்கலப் பதக்கத்தையும் வென்றார். விஜயும் லியாண்டரும் 2024-ல் ஒருங்கே சர்வதேச டென்னிஸ் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். தமக்குக் கிட்டாத விம்பிள்டன் பட்டத்தை எண்ணி வருந்தியிருப்பதைவிட, அடுத்த தலைமுறைக்குக் களம் அமைத்துக் கொடுத்தது அவருடைய பிரயாசைக்கு உரிய பலனைத் தந்தது.

ஆகவே, விடுமுறை நாட்களில் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர், அண்ணனின் அளவுகோலால் தம்பியை அளவிடாதிருத்தல் வேண்டும். தோற்றுத் திரும்பும் பிள்ளை மறுபடியும் களமிறங்கலாம். வேறொரு வித்தையை நாடலாம். தான் அறிந்ததைப் பிறருக்குக் கற்பிக்கலாம். இம்மூன்றில் எதனைத் தேர்ந்தாலும் அதனைக் கௌரவிப்பதே பெரியோரின் தர்மம்.