ராபர்ட் டி பெல்லேம்

நார்மன் பிரபு, ஷ்ரூஸ்பரியின் மூன்றாம் ஏர்ல். இங்கிலாந்தை வென்ற வில்லியத்தின் நம்பிக்கைக்குப் பாத்திரமான ரோஜர் மான்ட்கோமரியின் புதல்வரான இவர், தாயின் வழியே நார்மண்டியின் தென்னெல்லைக் கோட்டைகளையும், 1098இல் சகோதரர் ஹியூ போரில் மாண்டபின் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரூஸ்பரியையும் பெற்று, கடலின் இரு கரைகளிலும் மன்னரே அஞ்சத்தக்க பலம் கொண்டவரானார். 1101இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் மகுடத்தைப் பறிக்கப் படையெடுத்து வந்த, அம்மன்னரின் தமையன் ராபர்ட் கர்ட்டோஸின் பட்சத்தில் நின்றார். சகோதரர் இருவரும் சமாதானம் செய்துகொண்டனர், ஆனால் ஹென்றி மறக்கவில்லை. மறு ஆண்டே 45 குற்றச்சாட்டுகளுடன் நியாயசபைக்கு அழைக்கப்பட்ட ராபர்ட் டி பெல்லேம், வராமல் கோட்டைகளைப் பலப்படுத்தினார்.

அவருடைய ஆரண்டெல் கோட்டை மூன்று மாத முற்றுகைக்குப்பின் பணிந்தது. அவருடைய மற்றொரு கோட்டையான பிரிட்ஜ்நார்த்தின் முன்னே, இத்தகைய பிரபு ஒருவர் வீழ்ந்தால் அடுத்த ஆபத்து தமக்கே என்று உணர்ந்த பெருந்தனக்காரர்கள் சமரசம் வேண்டினார்கள் என்றும், அங்கே நின்ற 3,000 நாட்டுப்புற வீரர்கள் அதற்குச் செவிசாய்க்க வேண்டாமென்று அரசனை நோக்கிக் குரலெழுப்பினார்கள் என்றும் அக்காலத்துத் துறவியும் வரலாற்றாசிரியருமான ஆர்டெரிக் விட்டாலிஸ் எழுதுகிறார். அக்காலத்து அதிகாரப் போராட்டத்தின் சுபாவத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. ராபர்ட்டைக் கொடுங்கோலராகச் சித்திரிக்கும் ஆர்டெரிக்கின் மடம் பெல்லேம் குலத்தாரால் இன்னலுற்றது. ஆகவே அச்சித்திரத்தை நிதானத்துடனேயே கொள்ள வேண்டும்.

ஷ்ரூஸ்பரியும் பணியவே, ராபர்ட் ஆங்கில உடைமைகள் அனைத்தையும் இழந்து நார்மண்டிக்குச் சென்றார். 1112இல் பிரெஞ்சு அரசரின் தூதராக வந்தபோது ஹென்றியால் சிறைப்பிடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வேர்ஹாம் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1130ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கேட்டில் அவருடைய பராமரிப்புச் செலவு பதிவாகியுள்ளது.