3,600 மடங்கு வேகம்: யாரை விட?

செஞ்சி பக்கம் தளவானூர், மகேந்திரவர்மன் குடைவரை இருக்கிற ஊர். அங்கே ஐந்து பேர் மல்லாட்டை மூட்டைகளைச் செஞ்சி கமிட்டிக்கு அனுப்பணும்னு வச்சுக்குவோம். ஆளுக்கு 8, 7, 6, 5, 4 மூட்டை. ரெண்டு குட்டி யானை வண்டி. ஒருத்தர் சரக்கைப் பிரிக்கக் கூடாது, ரெண்டு வண்டியிலும் பாரம் சமமா இருக்கணும்.

முதல் வண்டின்னா 0, இரண்டாவதுன்னா 1. இதுதான் பைனரி ஆப்டிமைசேஷன். ஐந்து பேருக்கு 32 வழி. 50 பேர் ஆனால் 11 கோடி கோடியைத் தாண்டும்.

பெரிய சரக்கில் தொடங்கி, எந்த வண்டி லேசோ அதில் ஏத்திக்கிட்டே போனா 17-க்கு 13. வித்தியாசம் 4. ஐஐடி பம்பாயில் படித்து, பெர்க்லிக்குப் போன நரேந்திர கார்மார்கர், 1982-ல் ரிச்சர்ட் கார்ப்புடன் வேற வழி சொன்னார். பெரிய ரெண்டை எதிரெதிர் வண்டியில் போடு, அவற்றின் வித்தியாசத்தை மட்டும் புது சரக்கா பட்டியலில் சேர், திரும்பச் செய். நம்ம கணக்கில் கடைசியில் மிஞ்சுவது 2. முழுசா தேடினால்? 8+7 ஒரு பக்கம், 6+5+4 மறுபக்கம். வித்தியாசம் 0!

இப்போ கார்மார்கர் ஜெயிச்சாரா, தோத்தாரா? பக்கத்தில் யாரை நிறுத்துறோம்ங்கறதைப் பொறுத்தது. 50 பேர்னா முழுத் தேடல் திணறும், அவர் முறை நொடியில் முடியும்.

2013-ல் இதே கேள்வி பெரிசா வெடித்தது. கனடாவின் டி-வேவ் குவாண்டம் கணினியை கேத்தரின் மெக்ஜியோக், காங் வாங் இருவரும் சோதித்தார்கள். ஒரு வகைக் கணக்கில் அது சிப்லெக்ஸ் மென்பொருளைவிட சுமார் 3,600 மடங்கு வேகம். தலைப்புச் செய்தி ஆச்சு. ஆனா சிப்லெக்ஸ் எல்லா வகைக் கணக்குக்குமான பொது மென்பொருள். கிடைத்த விடைதான் சிறந்ததுன்னு நிரூபிக்கவும் பார்க்கும். கணக்கோ டி-வேவ் சில்லின் இணைப்புக்கு ஏத்த வடிவம். அதே வடிவத்துக்குன்னே அலெக்ஸ் செல்பி ஒரு நிரல் எழுதினார். சாதாரணக் கணினியிலேயே டி-வேவை முந்தியது. 2014-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வும், தான் சோதித்த கணக்குகளில் குவாண்டம் வேகம் எதையும் காணவில்லை.

இன்னைக்கு டி-வேவின் ஓஷன் தொகுப்பு திறந்தமூலம். முழுத் தேடல், சிமுலேட்டட் அனீலிங், டாபு தேடல் மூணும் அதில் இருக்கு. நான் எதைச் சோதிச்சாலும் ஒரே கணக்கு, ஒரே நேர வரம்பு, எதிரில் இருப்பதிலேயே பலமான ஆள்னு வச்சுத்தான் ஓட்டுவேன். 'இத்தனை மடங்கு வேகம்'னு யாராவது சொன்னா நீங்களும் கேளுங்க: யாரை விட?