செங்கல்லும் வெளிச்சமும்: டாக்காவின் பைத்துர் ரவூஃப் பள்ளிவாசல்

பள்ளிவாசல் என்றதும் குவிமாடமும் மினாராவும் நம் கண்முன் எழுகின்றன. சிறு பிள்ளையிடம் பள்ளிவாசல் ஒன்றை வரையச் சொன்னால் முதலில் அவ்விரண்டையே வரையும். வங்கதேசத் தலைநகர் டாக்காவின் வடபகுதியில், உத்தராவை அடுத்த ஃபைதாபாத்தில், 2012ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலில் இவ்விரண்டும் இல்லை. வெளியிலிருந்து நோக்குவோருக்கு அது செங்கல்லால் ஆன எளிய சதுரக் கட்டடம். ஆயினும் 2016ஆம் ஆண்டு கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது அதற்கு வழங்கப்பட்டது. புதுமை என்று உலகம் பாராட்டிய இக்கட்டடம், உண்மையில் நம் மரபின் மிகப் பழைய பக்கம் ஒன்றைத் திருப்பிக் காட்டுகிறது.

அந்தப் பழைய பக்கம் மதீனாவில் தொடங்குகிறது. ஹிஜ்ரத்துக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் சுவர்கள் சுடாத மண் கற்களால் ஆனவை. தூண்கள் பேரீச்ச மரத்தின் அடிமரங்கள். கூரை அதன் மட்டைகள். நபியவர்களும் தோழர்களுடன் சேர்ந்து கல் சுமந்தார்கள். அங்கே குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. பள்ளிவாசலுக்கு மினாரா எழுப்பும் வழக்கம் உமையாக்களின் ஆட்சிக் காலத்தில்தான் வேரூன்றியது. பாங்கொலி தொலைதூரம் சென்றடைய உயரம் உதவிற்று. இரும்பு உத்திரமும் கான்கிரீட்டும் இல்லாத காலத்தில், கல்லையும் செங்கல்லையும் மட்டும் கொண்டு அகன்ற இடத்திற்குக் கூரையிடக் குவிமாடம் வழிசெய்தது. இரண்டுமே தேவையின் பிள்ளைகள். பின்னர் அவை அடையாளங்களாயின.

இஸ்லாம் சென்ற தேசமெங்கும் இவ்வாறே நிகழ்ந்தது. வங்கம் ஆறுகள் கொணர்ந்த வண்டல் மண்ணின் நாடு. அங்குக் கருங்கல் அரிது, களிமண்ணுக்குக் குறைவில்லை. ஆகவே வங்கச் சுல்தான்களின் காலப் பள்ளிவாசல்கள் பெரும்பாலும் சுட்ட செங்கல்லால் எழுந்தன. 15ஆம் நூற்றாண்டில் கான் ஜஹான் அலி பாகர்ஹாட்டில் எழுப்பிய பள்ளிவாசலின் கூரையில் 77 சிறு குவிமாடங்கள் உள்ளன. அவற்றைத் தாங்கும் தூண்கள் 60. மழைநீர் வழிந்தோடும்படி மூங்கில் குடிசையின் கூரை விளிம்பை வளைத்து வேய்வது வங்கத்துக் குடியானவரின் வழக்கம். அந்த வளைவையே கொத்தனார்கள் செங்கல்லில் வார்த்தெடுத்தார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் இம்மண்ணின் சிற்பிகளைக் கொண்டே கல்தூண் மண்டபங்களாகப் பள்ளிவாசல் அமைத்ததும் இதே அறிவினால்தான்.

பைத்துர் ரவூஃபின் வரலாறு ஒரு மூதாட்டியின் கொடையில் தொடங்குகிறது. நெருங்கிய உறவினரை இழந்த துயரைச் சுமந்திருந்த சூஃபியா காத்தூன் என்னும் அம்மையார், தம் நிலத்தின் ஒரு பகுதியைப் பள்ளிவாசலுக்கென வழங்கினார். அதனை வடிவமைக்கும் பொறுப்பை 2005ஆம் ஆண்டு தம் பேத்தி மரீனா தபஸ்ஸுமிடம் ஒப்படைத்தார். டாக்காவிலேயே பிறந்து அங்கேயே கட்டடக்கலை பயின்றவர் மரீனா. சுஹ்ரவர்தி பூங்காவில் அமைந்த விடுதலை நினைவகத்திற்கான போட்டியில் 1997ஆம் ஆண்டு காஷிஃப் சௌத்ரியுடன் இணைந்து வென்று பெயர் பெற்றிருந்தார். முதலில் தற்காலிகக் கொட்டகை ஒன்றில் தொழுகை நடந்தது. கட்டடம் நிறைவுறுவதைக் காணாமலே அம்மையார் வஃபாத்தானார். அதன்பின் பேத்தியே வடிவமைப்பாளராகவும், நன்கொடை திரட்டுபவராகவும், கட்டுவித்தவராகவும் நின்று அப்பணியை முடித்தார்.

மனையோ ஒழுங்கற்ற வடிவுடையது. அதன் போக்கு கிப்லாவின் திசைக்கு 13 பாகை விலகியிருந்தது. தெருவை ஒட்டிக் கட்டினால் கிப்லா தவறும். கிப்லாவை ஒட்டிக் கட்டினால் மனை வீணாகும். மரீனா கண்ட தீர்வு வியப்புக்குரியது. வெளியே மனையை ஒட்டிய ஒரு சதுரம், அதனுள் ஒரு வட்டம், வட்டத்தினுள் கிப்லாவை நோக்கித் திருப்பி வைத்த மற்றொரு சதுரம் என அமைத்தார். வட்டத்திற்குத் திசை இல்லையாதலால் உள்ளிருக்கும் தொழுகைக் கூடத்தை வேண்டிய பக்கம் திருப்ப முடிந்தது. வட்டத்திற்கும் வெளிச்சதுரத்திற்கும் இடைப்பட்ட பகுதியில் வுளூச் செய்யும் இடம் முதலானவை அமைந்தன. தொழுகைக் கூடத்தின் நாற்புறமும் வானம் நோக்கித் திறந்த ஒளிமுற்றங்கள் உருவாயின. விளிம்பில் நிற்கும் எட்டுத் தூண்களே கூரையைத் தாங்குவதால், உள்ளே ஸஃப்புகளைத் துண்டாடும் தூண் ஒன்றுகூட இல்லை.

இப்பள்ளிவாசலின் அலங்காரம் வெளிச்சம் ஒன்றே. கூரையில் ஆங்காங்கே இடப்பட்ட சிறு வட்டத் துளைகளின் வழியே இறங்கும் ஒளி, தரையில் விண்மீன்களைப் போலச் சிதறிக் கிடக்கிறது. பொழுது ஏற ஏற அவ்வொளிப் பொட்டுகள் இடம் மாறுகின்றன. கிப்லாச் சுவரில் செதுக்கு வேலைப்பாடுடைய மிஹ்ராப் கிடையாது. மேலிருந்து கீழாக ஓர் ஒடுங்கிய இடைவெளி மட்டும் திசையைச் சுட்டுகிறது. தெருவின் நடமாட்டம் தொழுவோரின் கவனத்தைக் கலைக்காதவாறு அவ்விடைவெளி சாய்வாக அமைக்கப்பட்டுள்ளது. இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற்கள் காற்றை உள்ளே விடுகின்றன. டாக்காவின் புழுக்கத்திலும் கட்டடம் மூச்சு விடுகிறது.

இவையெல்லாம் கலை நாட்டத்தினால் மட்டும் விளைந்தவை அல்ல. நன்கொடைப் பணத்தில் எழுந்த கட்டடம் இது. ஒவ்வொரு காசுக்கும் கணக்கு இருந்தது. பளிங்கும் சரவிளக்கும் வாங்கும் செலவு இங்கு எழவில்லை. வெள்ளநீர் புகாதவாறு உயர்த்திய மேடையே அக்கம்பக்கத்தார் கூடி அமரும் திண்ணையாகவும் ஆயிற்று. தொழுகை நேரம் போக மற்ற வேளைகளில் பிள்ளைகள் அங்கு விளையாடுகின்றனர், பெரியவர்கள் உரையாடுகின்றனர்.

மரீனாவின் பிற்காலப் பணியும் இதே வழியில் சென்றது. ஆறு கரைத்துச் செல்லும் மணல்திட்டுகளில் வாழும் ஏழைகளுக்காக அவர் வடிவமைத்த ‘குதி பாடி’ என்னும் சிறுவீடு மூங்கிலாலும் எஃகு இணைப்புகளாலும் ஆனது. வெள்ளம் வந்தால் மேல்தளத்தில் தங்கலாம். நிலம் கரைந்தால் வீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லலாம். 2025ஆம் ஆண்டு அதற்கும் ஆகா கான் விருது கிடைத்தது.

நம் ஊர்களில் பழைய பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு எழும்போது, எத்தனை குவிமாடம், எவ்வளவு உயர மினாரா என்ற கேள்விகளே பெரும்பாலும் முந்திக்கொள்கின்றன. அவை ஆகாதவை என்பதன்று. முதலில் கேட்க வேண்டியவை வேறு. காற்று எத்திசையிலிருந்து வரும்? மழைநீர் எங்கே போகும்? நண்பகலில் விளக்கின்றி ஓத முடியுமா? முதியவர் சிரமமின்றி வுளூச் செய்வாரா? பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் உண்டா? பிறருடைய கட்டடத்தின் தோற்றத்தைப் படியெடுப்பது மரபைப் பேணுவதாகாது. இருக்கும் பொருளைக் கொண்டு, இருக்கும் தேவைக்கு, வீண்விரயமின்றி விடை காண்பதே மதீனாவிலிருந்து நமக்கு வந்த மரபு.

ரவூஃப் என்பது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. பேரிரக்கமுடையோன் என்பது அதன் பொருள். துயருற்ற ஒரு மூதாட்டி தந்த மண் இன்று நானூறு பேர் ஸுஜூது செய்யும் இடமாகியிருக்கிறது. அந்த ஸதக்கத்துல் ஜாரியாவை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக; நம் ஊர்களிலும் அத்தகைய கொடை மனங்களையும், கொடையை விரயமாக்காத கரங்களையும் தருவானாக.