பாலாடை முதல் மென்குழாய் வரை

மராத்தியர் இல்லங்களிலே குழந்தை பிறந்ததும் பழைய பெட்டியிலிருந்து வெளிவரும் பொருள்களுள் ஒன்று 'போண்ட்லே'. சிறு கிண்ணம் போன்ற உடலும், ஒருபுறம் நீண்ட மூக்கும் உடைய பாத்திரம் அது. புனே நகரில் குடியேறி வாழும் தமிழர் அதனைக் கண்டவுடன், "இது நம் பாலாடை அன்றோ!" என்று வியப்பர். உண்மையும் அதுவே. நாம் பாலாடை என்றும் சங்கு என்றும் வழங்குவதனை அவர்கள் போண்ட்லே என்கின்றனர். வங்காளத்தார் சிப்பியின் பெயராலேயே 'ஜினுக்' என்பர். மொழிகள் பலவாயினும் தேவை ஒன்றே. தாயின் மார்பில் பால் உண்ண இயலாத சேயின் உயிரைக் காத்தல் வேண்டும்.

இத்தகைய துணைக்கருவிகள் மனித குலத்துக்குப் புதியவை அல்ல. ஐரோப்பாவில் குழந்தைகளின் கல்லறைகளில் மூக்குடைய சிறு மண்கலங்கள் கிடைத்துள்ளன. அவற்றுட் சிலவற்றில் கால்நடைகளின் பால் இருந்தமையை 2019இல் வெளியான ஆய்வொன்று மெய்ப்பித்தது. நம் நாட்டிலோ, தாய்க்குப் பால் இல்லாதவிடத்துப் பிறிதொரு பெண் பாலூட்டும் வழக்கம் தொன்மையானது. அத்தகையவளைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சரக சம்ஹிதையும் சுசுருத சம்ஹிதையும் விரித்துரைக்கின்றன. சங்க அகப்பாடல்களில் நற்றாய்க்கு நிகராகச் செவிலித்தாய் இடம்பெறுவதும் நாம் அறிந்ததே. ஆகவே, பாலூட்டுவதில் தாய்க்கு இடர் நேர்வது இக்காலத்துப் பெண்களின் குறைபாடு என்று கருதுவது பிழை. அவ்விடர் பழையது; அதற்குத் துணைநின்ற கைகளும் பழையன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1845இல் அமெரிக்காவில் ரப்பர்க் காம்பு காப்புரிமை பெற்றது. 1865இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் தாய்ப்பாலுக்கு ஈடாக ஓர் உணவை வகுத்தார். 1867இல் ஹென்றி நெஸ்லே சுவிட்சர்லாந்தில் பாலும் மாவும் கலந்த குழந்தை உணவைச் செய்தார். தாயில்லாக் குழந்தைகள் சிலருக்கு இவை உதவியிருக்கலாம். ஆயினும் புட்டியும் மாவும், தேவையுள்ளோர் இல்லங்களோடு நில்லாமல், தேவையில்லாதோர் இல்லங்களிலும் புகுந்தன. தூய நீரும் போதிய எரிபொருளும் இல்லாத வீடுகளில் புட்டி நோய்க்கு வாயிலாயிற்று. மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில் இதனைக் கொலைக்கு ஒப்பிட்டுக் கடிந்தார்.

புட்டியினால் விளையும் மற்றொரு தீங்கு எளிதிற் புலப்படுவதில்லை. சேய் சப்பச் சப்பத்தான் தாயின் உடலில் பால் சுரக்கின்றது. மார்பில் பால் தேங்கின் சுரப்புக் குறைகின்றது. "பால் போதவில்லை" என்று அஞ்சிப் புட்டியைக் கொடுக்கும் தாய், அச்சத்தை நீக்க எண்ணி, அஞ்சியதனையே வருவித்துக்கொள்கிறாள். வயிறு நிறைந்த குழந்தை மார்பைச் சப்புவதில்லை. சப்பாமையால் பால் மேலும் குறைகின்றது.

இத்தீங்கைத் தடுக்க உலக நாடுகள் 1981ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஒரு நெறிமுறை வகுத்தன. இந்தியா 1983இல் தனக்கென ஒரு நெறிமுறையை ஏற்று, 1992இல் அதனைச் சட்டமாக்கி, 2003இல் மேலும் வலுப்படுத்தியது. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளையும் புட்டிகளையும் விளம்பரம் செய்வது இந்நாட்டில் குற்றமாகும். இம்முயற்சியில் மராட்டிய மாநிலத்தின் பங்கு சிறப்பாகக் குறிக்கத்தக்கது. 1989இல் மும்பை சயன் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார் தாய்ப்பால் வங்கி ஒன்றை நிறுவினார். ஆசியாவிலேயே முதலாவது அது. 1991 டிசம்பரில் வார்தாவில் தாய்ப்பால் வளர்ச்சிக்கான இந்தியக் கூட்டமைப்புத் தோன்றியது.

சட்டம் புட்டியின் விளம்பரத்தைத் தடுக்கும். ஆனால் பசித்தழும் குழந்தைக்குப் பால் தாராது. குறைமாதக் குழந்தைக்கும், காம்பைப் பற்றத் தெரியாத குழந்தைக்கும், பால் குன்றிய தாய்க்கும் யாது வழி? இவ்விடத்தேதான் துணைக்கருவியின் பயன் விளங்குகின்றது.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஏவரி தம்பதியர் தம் வளர்ப்புக் குழந்தையின் பொருட்டு ஒரு கருவியை அமைத்தனர். அதன் தத்துவம் மிக எளியது. ஒரு மென்குழாயின் ஒரு நுனி பாலுள்ள கலத்தில் இருக்கும்; மறுநுனி தாயின் மார்பில் காம்பையொட்டி நிற்கும். குழந்தை மார்பைச் சப்பும்போது குழாயின் வழியும் பால் வரும். கலத்தை உயர்த்தினால் பால் விரைந்தும், தாழ்த்தினால் மெதுவாகவும் பாயும். குழந்தைக்கு வயிறு நிறைகின்றது. அதே வேளையில் தாயின் சுரப்பும் தூண்டப்படுகின்றது. தாயின் பால் பெருகப் பெருகக் கலத்தின் பாலைக் குறைத்துவிடலாம். இன்று மருத்துவமனைகளில் கிண்ணமும் மெல்லிய உணவுக்குழாயும் கொண்டே இதனைச் செய்கின்றனர்.

எளிய பொருள்களைக் கொண்டு இடர் தீர்ப்பதில் நம் மருத்துவரும் பின்தங்கவில்லை. கர்நாடகத்துத் தாவணகெரேயில் மருத்துவர் கேசரியும் அவர்தம் குழுவினரும், உள்ளடங்கிய காம்பினை வெளிக்கொணர மருந்தூசிக் குழலையே கருவியாக்கினர். ஊசி பொருத்தும் முனையை வெட்டி, உந்துதண்டை வெட்டிய பக்கமாகச் செலுத்தி, மழமழப்பான விளிம்பை மார்பில் வைத்து மெல்ல இழுப்பதே அம்முறை. 1993இல் வெளியான அவர்கள் கட்டுரை உலகெங்கும் பாலூட்டல் துறையினரால் எடுத்தாளப்படுகின்றது. நின்றுபோன பால் மீண்டும் சுரக்கச் செய்யவியலும் என்பதனையும் அக்குழுவினர் எழுதினர்.

நம் பாலாடையும் ஆய்வுக்கு உட்பட்டது. 1999இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், பச்சிளங்குழந்தைகள் கிண்ணத்தையும் புட்டியையும்விடப் பாலாடையினால் குறைந்த நேரத்தில் மிகுந்த பாலை அமைதியாக உண்டன. ஆனால் 2007இல் இங்கிலாந்தில் குறைமாதக் குழந்தைகளுக்கு அதனையே பயன்படுத்தியபோது, பால் மிகுதியாகச் சிந்தியது, நேரமும் கூடியது. இவ்விரண்டும் முரண்படுவது ஏன்? கருவியோடு அதனைப் பிடிக்கும் கையின் பழக்கமும் சேர்ந்தே பயன் தருகின்றது என்று நாம் கருதுகிறோம்.

அந்தக் கைப்பழக்கமே புலம்பெயர்ந்தோர் இழக்கும் செல்வம். தாய்வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பாட்டியும் அத்தையும் அருகிருந்து, குழந்தையை மார்பில் பொருந்த வைக்கக் கற்றுத்தந்தனர். புனேயின் அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கும் இளந்தாய்க்கு அவர்கள் தொலைபேசியிற் குரலாகவே இருக்கின்றனர். அண்டை வீட்டு ஆஜியின் மராத்தியோ இவளுக்கு முழுதும் விளங்குவதில்லை.

இந்நகரின் ராஸ்தா பேட்டையில், சர்தார் முதலியார் சாலை என்று நம்மவர் பெயர் தாங்கிய தெருவில் கே.ஈ.எம். மருத்துவமனை நிற்கின்றது. அது 1912இல் தோன்றியது. 1944இல் அங்குப் பணியேற்ற மருத்துவர் பானு கோயாஜி அம்மையார், பின்னாளில் வடு கிராமத்தை மையமாகக் கொண்டு சிற்றூர்ப் பெண்களையே நலத்தொண்டர்களாகப் பயிற்றுவித்தார். 1993இல் மகசேசே விருது பெற்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அறிவே முதல் மருந்து என்பதனை அவர் பணி காட்டிற்று.

ஆகவே, நம்மவருள் ஒருத்தி "எனக்குப் பால் இல்லை" என்று கலங்கினால், புட்டியை நீட்டுமுன் சிலவற்றை ஆராய்வோம். முதல் சில நாள் கழிந்தபின், குழந்தை நாள்தோறும் ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கின்றதா? இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டிற்றா? எட்டியிருப்பின் பால் போதுகின்றது, தேவைப்படுவது தேறுதலே. இல்லையெனின், காலந்தாழ்த்தாது மருத்துவரிடமோ பாலூட்டல் ஆலோசகரிடமோ செல்லுதல் வேண்டும். அவர் மென்குழாயைக் காட்டலாம், பாலாடையைத் தரலாம், தாய்ப்பால் வங்கியின் துணையை நாடலாம். எதுவாயினும் கருவியைக் கொதிநீரில் தூய்மை செய்தல் இன்றியமையாதது. இதனை வெட்கத்துக்குரியதென எண்ணுதல் வேண்டா.

எக்கருவியையும் அளக்க ஓர் அளவுகோல் உண்டு: அது சேயைத் தாயிடம் சேர்க்கின்றதா, பிரிக்கின்றதா என்பதே அது. போண்ட்லேயைப் பிடிக்கத் தெரிந்த ஆஜியும், பாலாடையை அறிந்த நம் மூதாட்டியரும் இவ்விளந்தாயின் அருகே ஒருங்கே அமர்வாராயின், தாய்வீடு அவளைத் தேடிவந்ததாகவே கொள்ளலாம்.