லயத்து வீடும் வாடகை வீடும்: கிள்ளான் துறைமுக வட்டாரத் தமிழர் குடியிருப்பு வரலாறு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. தனி வளை வேண்டுமாயின் அதனைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் வேண்டும். இன்று போர்ட் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ வாடகைக்கு வீடு தேடும் ஒரு தமிழ்க் குடும்பம், முன்பணம் எவ்வளவு, தமிழ்ப்பள்ளி எத்தனை தொலைவில் உள்ளது, மழை பெய்தால் வெள்ளம் ஏறுமா என்றெல்லாம் கேட்கிறது. மிக இயல்பாகத் தோன்றும் இக்கேள்விகளைக் கேட்கும் நிலையை அடைய நம்மவர்க்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1901ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15ஆம் நாள் இத்துறைமுகம் திறக்கப்பட்டது. ஆங்கிலேய ஆட்சியாளர் பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கப்பெற்று, 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அலையாத்திக் காடும் சேற்று நிலமும் சூழ்ந்த அவ்விடத்தில், திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தலைவிரித்தாடியது. துறைமுகத்தையே மூட நேருமோ என்ற அச்சம் எழுந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றிருந்த மால்கம் வாட்சன், காட்டை வெட்டிச் சதுப்பு நிலத்தில் வடிகால் அமைக்க வேண்டுமென வற்புறுத்தினார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் மெய்ப்பித்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வடிகால் வெட்டப்பட்டபின் காய்ச்சல் வெகுவாகத் தணிந்தது.

வாட்சன் கண்ட மற்றோர் உண்மையும் கருதத்தக்கது. சமவெளியில் காட்டை அழித்தால் நோய் குறைந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் அதே செயல் நோயைப் பெருக்கியது. சமவெளியில் நோய் பரப்பும் கொசுவகை நிழல் படர்ந்த சதுப்பு நீரில் முட்டையிடுவது. மலைப்புறத்து வகையோ வெயில் படும் தெளிந்த ஓடைகளில் பெருகுவது. எனவே தொழிலாளர் குடியிருப்பு எந்த நிலத்தில் அமைகிறது என்பது உயிர் தங்குவதா போவதா என்பதைத் தீர்மானித்தது. ஆனால் அந்நிலத்தைத் தேர்ந்தவர் அங்கு வாழ்ந்த தமிழரல்லர், தோட்டத் துரையே.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி இத்துறையில் இறங்கிய தமிழர், கங்காணியின் பின்னே தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்களுக்கென லயங்கள் காத்திருந்தன. நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அமைந்த சிற்றறைகளே லயம். அங்கு வாடகை இல்லை. ஆயினும் விலை இருந்தது. வேலை உள்ளவரை வீடு. வேலை போயின் வீடும் போயிற்று. கூலி போதவில்லை என்று குரலெழுப்புபவன் தன் கூரையையும் பணயம் வைத்தே பேச வேண்டியிருந்தது.

இக்கட்டு எத்துணை இறுக்கமானது என்பதை 1941ஆம் ஆண்டின் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தெளிவாகக் காட்டுகிறது. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டுமெனவும் அவர்கள் கோரினர். உற்றார் உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து செல்ல வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. தன் வீட்டுக்குத் தன் விருந்தினரை அழைக்கவும் பிறர் இசைவு வேண்டுமாயின், அதனை வீடு என்பதெப்படி? தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

நகரத்துத் தமிழர் நிலை ஓரளவு மேம்பட்டதாயினும் அடிப்படை ஒன்றே. பிரிக்பீல்ட்சில் இரயில்வே ஊழியர்க்கெனக் கட்டப்பெற்ற ‘நூறு குவார்ட்டர்ஸ்’ தலைமுறைகள் பல கண்டு, 2014இல் இடிக்கப்பட்டது. துறைமுகமும் 1963இல் தனி ஆணையம் அமையும்வரை இரயில்வே நிர்வாகத்திலேயே இருந்தது. அரசுக் குடியிருப்பில் செங்கல் சுவரும் குழாய் நீரும் உண்டு. ஓய்வு பெறும் நாளில் திறவுகோலைத் திருப்பித் தரும் கடமையும் உண்டு.

பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறலாயின. 1966இலும் 1990இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதித்தன. ஆனால் தோட்டமே மறையும்போது குடியிருப்பவர் எங்கே போவது என்ற வினா எஞ்சி நின்றது. பலர் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினர். அங்கிருந்தும் எழுப்பப்பட்டு அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். கோலாலம்பூரில் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின்கீழ் மாத வாடகை 124 ரிங்கிட் என வைக்கப்பட்டது ஏழையர்க்கு ஆறுதலே. எனினும் கோயிலும் பள்ளியும் அக்கம்பக்கமும் சேர்ந்த ஊர் சிதறிய இழப்பை எவ்வாடகையாலும் ஈடு செய்ய இயலவில்லை.

இவ்வாறு வேலையும் வீடும் பிரிந்தபோது தமிழர் முதன்முறையாக வாடகைச் சந்தையில் நின்றனர். அங்கு உரிமையும் உண்டு, இடரும் உண்டு. 1948க்கு முற்பட்ட பழைய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு விதித்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்காலச் சலுகையும் 1999 இறுதியோடு முடிந்தது. அதன்பின் வாடகையை உடன்படிக்கையே தீர்மானிக்கலாயிற்று. இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும் அரை மாத வாடகையை நீர், மின்சாரக் கட்டணத்துக்கான ஈடாகவும் பெறுவது வழக்கமாயிற்று. குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரைக்கூட நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற இயலாது என்று 1950ஆம் ஆண்டின் தனிக்குறிப்பு நிவாரணச் சட்டம் கூறுகிறது. இதனை அறியாது, பூட்டு மாற்றப்பட்டவுடன் மூட்டை கட்டியோர் எத்தனை பேர்!

மற்றோர் இடர் சட்டநூலில் காணப்படுவதன்று. வாடகை விளம்பரங்களில் இன்ன இனத்தார்க்கே வீடு என்ற குறிப்பு இடம்பெறுவதை நாம் கண்டிருக்கிறோம். தொலைபேசியில் இசைந்தவர், பெயர் கேட்டவுடன் வீடு போய்விட்டது என்பர். லயத்தில் தமிழனுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இங்கோ சில வாயில்கள் அடைக்கப்படுகின்றன. வடிவம் வேறு, தேர்வுரிமை குறைவது ஒன்றே.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, வாட்சன் 1901இல் எழுப்பிய வினா மீண்டும் எழுந்தது: இந்நிலத்தில் நீர் எங்கே வடியும்? வாடகை மலிவு என்று தாழ்நிலத்தில் குடியேறியவர் அதன் விடையைத் தம் உடைமைகளால் செலுத்தினர். ஆகவே வீடு தேர்வோர் சுவரின் வண்ணத்தைப் பார்க்குமுன் வடிகாலைப் பார்த்தல் வேண்டும். உடன்படிக்கையின் ஒவ்வொரு வரியையும் படித்தல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப் பொறுப்புண்டு. தோட்டம் மறைந்தபின் தமிழ்ப்பள்ளியின் வாழ்வு, பெற்றோர் எங்கே குடியேறுகின்றனர் என்பதையே சார்ந்துள்ளது. வகுப்பில் கடிதமும் கட்டுரையும் கற்பிக்கும் நாம், ஒரு வாடகை உடன்படிக்கையைப் படித்துப் பொருளுணரவும் மாணவர்க்குக் கற்பிக்கலாம். கையொப்பமிடத் தெரியாமல் கட்டைவிரல் ரேகை வைத்துக் கடல் கடந்தோரின் கொள்ளுப்பேரர், படித்தறிந்து ஒப்பமிட்டு ஒரு வீட்டின் திறவுகோலைப் பெறுவது சிறு செயலன்று. நூறாண்டு வரலாறு முன்னே எடுத்து வைத்த ஓர் அடியாகும்.