மதுரைப் புது மண்டபம்

பாண்டி நாட்டின் தலைநகராகிய மதுரைக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் அங்கயற்கண்ணி அம்மையையும் ஆலவாய் அண்ணலையும் தரிசித்து, பொற்றாமரைக் குளக்கரையில் சிறிது அமர்ந்து, ஆயிரக்கால் மண்டபத்தையும் கண்டு மீள்வது வழக்கம். கீழைக் கோபுரத்துக்கு எதிரே, சித்திரை வீதிக்கு அப்பால், மதிலுக்குப் புறத்தே நிற்கும் நீண்ட கல்மண்டபத்தை நின்று நோக்குவோர் சிலரே. அதுவே புது மண்டபம். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழிந்தும் அதன் பெயர் மட்டும் முதுமை எய்தவில்லை!

இதனை எடுப்பித்தவர் 1623 முதல் 1659 வரை ஆட்சி புரிந்த திருமலை நாயக்கர். வைகாசி வசந்த விழாவில் இறைவனும் இறைவியும் எழுந்தருளி இளைப்பாறுதற்கென்றே இது அமைந்தது. ஆதலின் வசந்த மண்டபம் என்றும் வழங்கும். நீளம் சுமார் 333 அடி; அகலம் சுமார் 105 அடி. நான்கு வரிசைகளாக 120-க்கு மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. நடுவே அகன்ற நடை. அதன் மேற்கு முனையில், மெருகேற்றிய கருங்கல்லால் இயன்ற சிறு மண்டபம். சுவாமி வீற்றிருக்கும் இடம் அதுவே.

அமைப்பின் நுட்பம் தூண்களில் மட்டும் அன்று, தரையிலும் உளது. மண்டபத்தைச் சுற்றி அகழிபோல் ஒரு நீர்த்தொட்டி வகுத்தனர். விழா நாட்களில் அதில் நீர் நிரப்புவர். வீதியில் அனலாக வீசும் காற்று அந்நீரின்மேல் தவழ்ந்து, தூண்களின் இடையே புகும்போது தண்ணென்று மாறும். அக்கினி நட்சத்திர வெம்மையை அறிந்தவர்க்கு இதன் அருமை கூறாமலே விளங்கும். ஆண்டவனுக்கு வெயில் ஏது, குளிர்ச்சி ஏது என்று வினவுவார் வினவலாம். ஆண்டவன் பெயரால் குளிர்ந்தவர் அடியார்களே. நெடுந்தொலைவு நடந்து வந்தவர் பலர் ஒருங்கே அமர்ந்து தரிசிப்பதற்கு ஏற்ற நிழலை அரசன் அவர்க்கு அளித்தான்.

அமர்ந்தவர் கண்ணுக்கும் விருந்து உண்டு. மீனாட்சி திருக்கல்யாணம் ஒருபால். கல்யானை கரும்பு தின்றதும், பன்றிக்குட்டிகளுக்கு இறைவன் தாயாகிப் பாலூட்டியதும் ஒருபால். எழுத்தறியாத ஏழை யாத்திரிகனும் திருவிளையாடற் கதைகளைக் கல்லிலே கற்கலாம். நடுநடையில் விசுவநாத நாயக்கர் முதலாகத் திருமலை நாயக்கர் ஈறாகப் பதின்மர் கைகூப்பிய கோலத்தில் நிற்கின்றனர். தம் முன்னோரையும் தம்மையும் அடியார் கூட்டத்தின் நடுவே வணங்குவோராக நிறுத்திய மன்னரின் எண்ணம் போற்றுதற்குரியது. 1792-இல் மதுரைக்கு வந்த டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவரும் இம்மண்டபத்தின் உட்புறத்தை ஓவியமாக்கினர். மண்டபத்துக்குக் கிழக்கே அம்மன்னர் தொடங்கிய இராயகோபுரம் அடித்தளத்தோடு நின்றுவிட்டது.

பிற்காலத்தில் இம்மண்டபம் அங்காடி ஆயிற்று. தையற்காரர், புத்தகக் கடைக்காரர், வளையல் வணிகர், பாத்திர வணிகர் எனப் பலர் தூண்தோறும் இடங்கொண்டனர். அவர்களை இகழ்தல் தகாது. சுவாமிக்குப் பட்டாடையும், சித்திரைத் திருவிழாவில் வேடம் புனைவோர்க்கு உடையும் தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். தோத்திர நூல்களும் பஞ்சாங்கமும் நாடிய சிற்றூர் மக்கள் நேரே இங்கு வந்தனர். ஆயினும் துணி மூட்டைகளின் பின்னே சிற்பங்கள் மறைந்தன. நீர் ஓட வேண்டிய இடத்தில் நீர் இல்லை. அமர்வதற்கென வகுத்த தரையில் அமர இடமும் இல்லை. வந்தவர் கண்கள் சரக்கை நோக்கினவேயன்றித் தூணை நோக்கவில்லை.

2020-களின் தொடக்கத்தில் வணிகர்க்கெனக் குன்னத்தூர்ச் சத்திரத்தில் புதிய கடைகள் எழுந்தன. தலைமுறை தலைமுறையாக இருந்த இடத்தை விட்டுச் செல்வது அவர்களுக்கு எளிதாக இருந்திராது. அவர்கள் பெயர்ந்தபின், மூட்டைகளுக்குப் பின்னே நெடுங்காலம் மறைந்து நின்ற உருவங்கள் வெளிச்சம் கண்டன. அவர்கள் வைத்த ஆணிகளும் அடித்த சுண்ணாம்பும் தூண்களில் எஞ்சின.